அத்தானை எந்தச் சிறைக்கு அனுப்புவது?

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் நலம். அத்தானும் நலம்தான், ஆனால் ஜெயிலில் இருக்கிறார். பதறாமல் படி.

நம் ஊரை ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து ஆளும் கூத்து உனக்குத் தெரியும். இவனுக்கு ஒரு போலீஸ் என்றால் அவனுக்கு ஒன்று, இவனுக்கு ஒரு ஜெயில் என்றால் அவனுக்கு ஒன்று. இரண்டு கொடியும் ஒரே அளவில் பறக்க வேண்டுமென்று தினமும் இரண்டு குமாஸ்தாக்கள் அளவுநாடாவோடு வந்து முறைத்துக்கொண்டு அளப்பார்கள். இரண்டு கொடியையும் தைத்துக் கொடுத்தவர் உன் அத்தான். போன மாத மழையில் பிரெஞ்சுக்காரன் கொடுத்த துணி மட்டும் நாலு விரல் சுருங்கிவிட்டது. தேசத்தை அவமதித்தார் என்று பிரெஞ்சுப் போலீஸ் ஒரு கையைப் பிடிக்க, எங்கள் கொடியைப் பெரிதாக்கி எங்களை வம்பில் மாட்டிவிட்டார் என்று ஆங்கிலேயப் போலீஸ் மறு கையைப் பிடிக்க, புதுச் சட்டை கிழிந்ததுதான் மிச்சம். தண்டனை ஆறு மாதம். எந்தச் சிறை என்று குடும்பமே சொல்லலாம், சொல்லாவிட்டால் இரண்டிலும் ஆறாறு மாதமாம். பெண் கொடுக்கப் போகும் வீட்டைப் பார்ப்பதுபோல இரண்டையும் பார்த்து வந்தேன். ஆங்கிலேயன் சிறையில் தரை கண்ணாடி மாதிரி. சாப்பாடோ எல்லாமே வெந்நீரில் குளித்து வந்தவை. பிரெஞ்சுக்காரன் சிறையில் வாசலிலேயே சமையல் மணக்கிறது. ஆனால் எலி ஒன்று ரோந்து போகிறது. கூட்டிக் கழித்தும் முடிவு வராமல் அத்தானையே கேட்டேன்.

"பிரெஞ்சுலயே போடு. இருபது வருஷமா உன் சமையலத்தான் சாப்பிடறேன், ஒரு ஆறு மாசம் ருசியாச் சாப்பிட்டுக்கறேனே."

ஆங்கிலேயன் சிறை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கடவுள் கண் திறந்தார். இரண்டு பேரும் மூட்டை கட்டுகிறார்கள், வெள்ளிக்கிழமை சுதந்திரம். புதுக் கொடி தைக்க வேறு ஆள் இல்லாததால் அத்தானை அன்றைக்கு முன்பே விடுகிறார்கள். நேற்றுப் பார்க்கப் போனபோது, "உன் கையால ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்" என்றார். எனக்கு அதுவே சுதந்திரம். கஜானாவில் துணிக்குக் காசில்லையாம். வீட்டில் கிடக்கும், இரண்டு நாட்டுக்காரனும் கொடுத்த கொடித் துணி மிச்சத்தையும் சாயம் தோய்த்து ஒட்டித் தைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். வீண்செலவு பாவமில்லையா?

நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,
அக்கா.

பி.கு.: இரண்டு தபாலாபீசும் மூடிவிட்டதால் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. இதற்குள் மழை பெய்துவிட்டது. கொடியில் பாதி மட்டும் சுருங்கி, அத்தான் மறுபடி உள்ளே. நல்லவேளை, இந்தத் தடவை யோசிக்கும் வேலை இல்லை. புது அரசாங்கம் இரண்டு சிறையையும் ஒன்றாக்கிவிட்டது. சமையலுக்கு ஆங்கிலேயன் வைத்திருந்த ஆள், பெருக்குவதற்குப் பிரெஞ்சுக்காரன் வைத்திருந்த ஆள்.