ஒற்றைத் தந்தியின் வலி

இசை தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவனைத்தான் ஊருக்குள் விடக்கூடாது. இருபத்தாறு வயதில் நான் அந்த இரண்டாவது ரகம். மண்டையோடு போட்ட கறுப்பு டி-ஷர்ட், அரைகுறைத் தாடி, சினிமாப் பாட்டு கேட்பவர்களைப் பார்த்தால் உதட்டோரம் ஓர் இளக்காரம். (கிட்டாருக்கு எத்தனை தந்தி என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.)

அந்த வருஷம் நாவலூரில் வாசிக்க ஒரு வெளிநாட்டு ராக் குழு வந்தது. நாற்பது வருஷமாக மேடையேறும் கிழட்டுச் சிங்கங்கள். நான் காதலித்துக்கொண்டிருந்த ஷீபாவை அழைத்தேன். அவள் தன் அக்கா மெர்சியையும் கூட்டிவந்தாள். சிட்லபாக்கத்தில் அவர்கள் வீட்டில் அக்கா சரி என்றால்தான் அப்பா சரி என்பார். ஆக, கச்சேரி என்ற பெயரில் பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்கும் படலம். அக்கா பதினைந்து வருஷமாகச் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர் என்று ஷீபா சொல்லியிருந்தாள். கேட்டதும் பயந்திருக்க வேண்டும். நான் பரிதாபப்பட்டேன்.

நாலரை மணி வெயிலில் மைதானத்தில் உட்கார்ந்தோம். குடுமி போட்ட ஒல்லி ஆசாமி ஒருவர் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். டொய்ங். கொஞ்சம் மௌனம். மறுபடி அதே டொய்ங்.

நான் கண்களை மூடினேன்.

"அக்கா, கவனிங்க. ஒரே நோட்டு. அதுக்குள்ள எவ்ளோ வலி! நாப்பது வருஷ அனுபவம் இல்லாம இது வராது."

"பிரபு, அவர் ஏதோ செக் பண்றார்னு நெனைக்கிறேன்."

"சர்ச் மியூசிக் வேறக்கா. இதெல்லாம் பழகினாதான் புரியும்."

(இந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் இன்றைக்கும் குளியலறையில் தனியாக முனகுவேன்.)

அடுத்த டொய்ங்கில் எழுந்தேவிட்டேன். இரண்டு கைகளையும் தூக்கி, தொண்டை கிழிய, "ஒன்ஸ் மோர்!"

அந்த மனிதர் திகைத்துப்போய் மைக்கைப் பிடித்தார். "அண்ணா, நான் சவுண்டு சர்வீஸுண்ணா. ஒயரு லூசா கீது, செக் பண்ணிகினு கீறேன். பேண்டு இன்னும் ஓட்டல்லருந்தே கெளம்பல. குந்துண்ணா."

மைதானமே சிரித்தது. ஷீபா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா மட்டும் சிரிக்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அது இன்னும் கேவலமாக இருந்தது.

நிஜக் குழு வந்தபோது கைகளைத் தொடைக்கடியில் சொருகிக்கொண்டேன். பாட்டின் நடுவே வெள்ளைத்தலை கிட்டார்காரர் மெதுவாக, மிக மெதுவாக, நாலைந்து ஸ்வரங்களை இழுத்தார். மறுபடி ஒயர்தானோ என்ற பயத்தில் நான் அசையவில்லை. திரும்பினால் அக்கா எழுந்து நின்று கைதட்டுகிறார், கண் நிறையத் தண்ணீர்.

"பாடறவருக்கு வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது. அவர் மூச்சு எடுக்கற வரைக்கும் இவர் இழுத்துத் தாங்கறார், பாருங்க. ட்ரம்ஸ்காரர்கூட அடக்கி வாசிக்கறார்." பிறகு குனிந்து, "இப்போ தட்டலாம் பிரபு. இது பாட்டுதான்" என்றார்.

தட்டினேன். பக்கத்து வரிசையில் யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் அக்கா சொன்ன தீர்ப்பு ஷீபா வழியாக வந்தது: "பையனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அவ்ளோ அவமானத்துக்கு அப்புறமும் எழுந்து ஓடல. பண்ணி வைக்கலாம்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகிறது. போன மாதம் மகளின் பள்ளி ஆண்டு விழா. வயலினோடு மேடையேறியவள், சுருதி சேர்ப்பதற்கு முன் மைக்கருகே வந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்: "அப்பா, இன்னும் ஆரம்பிக்கல. ஒக்காருங்க."