சேட்டு, செட்டு, ஒரு டப்பா அரிசி

சட்டைப் பையில் செல்போனை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் குனியவே கூடாது. கடவுளே எதிரில் வந்து நின்றாலும், முதலில் போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் கும்பிட வேண்டும். பல வருடங்களாக நான் இந்த விதியைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன். (இதைப் பக்கத்து வீட்டில் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி திருத்தவில்லை.)

விதி பிறந்த கதை இது.

அப்போது நான் மேற்குத் தாம்பரத்தில் ஃபேன், மிக்சி, கிரைண்டர் விற்கும் கடையில் கணக்கராக இருந்தேன். முதலாளியின் தாத்தா ராஜஸ்தானிலிருந்து வந்தவர். ஆனால் முதலாளி பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் தாம்பரத்தில்தான். அவர் பேசும் தமிழைக் கேட்டால் சைதாப்பேட்டைக்காரர்களே சற்று ஒதுங்கி நிற்பார்கள். அவருடைய நிஜப்பெயர் மின்சார பில்லில் மட்டும் இருந்தது. கடைத்தெரு முழுக்க அவர் சேட்டு. அவர் மனைவி சேட்டம்மா.

எனக்கு ஒழுங்கு என்றால் உயிர். பேனாவுக்கு மூடி, மூடிக்கு இடம், இடத்துக்குப் பெயர்ச்சீட்டு. தினமும் டைரி எழுதுவேன். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் சேட்டு என்னிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தன் நம்பர் போட்ட புத்தம்புது கேமரா செல்போனை என் கையில் வைத்தார். அந்தக் காலத்தில் செல்போனை யாரும் செல்போன் என்று சொல்ல மாட்டார்கள், ‘செட்டு’ என்பார்கள். ‘புது செட்டு வாங்கிட்டியா?’, ‘செட்டைக் காட்டு பார்க்கலாம்’ என்றுதான் பேச்சு.

“இந்தா அக்கவுண்டன்ட்டு, செட்டு இனிமே உன் கைல கீது. நாவலூர் பில்டிங் ஓனர் தணிகாசலம் கூப்டுவாரு. நீயே பேசி முடிச்சுடு. அங்க வாடகைக்குத் தொறக்கப் போற புதுக்கடைய உன்னாண்டதான் ஒப்படைக்கப் போறேன். ஏன் தெரியுமா? நம்ம கடையிலயே எதையும் கீழ போடாதவன் நீ ஒருத்தன்தான்.”

நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். அங்கே ஒரு கடைக்கு மேனேஜர் ஆவது என்பது எனக்கு மந்திரி பதவி. மனைவியிடம் சொன்னேன். அவள் மாமியார் வீட்டுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இனி பின்வாங்க முடியாது.

தூசி படக் கூடாதே என்று நான் செட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் நாள் காலை லாரித் தண்ணீர் வந்தது. தரைக்கு அடியில் உள்ள சம்ப்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் லாரியை அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை. மூடியைத் திறந்தேன். குனிந்தேன்.

‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பேனா இருந்தது. மூடியோடு இருந்தது. அடுத்த கணம் வேட்டியோடு சம்ப்புக்குள் இருந்தேன். லாரிக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா சார், இப்பவே குளிக்கிறீங்க? இன்னும் பாதிதான் ரொம்பிக்கீது” என்றார்.

செட்டு கிடைத்தது. உறைக்குள் தண்ணீர் நிறைந்து, திருவிழாவில் பாலிதீன் பையில் விற்கும் தங்கமீன் போல மிதந்தது. தூசி உள்ளே போகாமல் காத்த உறை, தண்ணீரை வெளியே போகாமலும் காத்தது.

ஈரமான செட்டை உடனே ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது என்று இன்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் ஆன் பண்ணினேன். திரை ஒருமுறை நீலமாகச் சிரித்துவிட்டு அணைந்தது. நனைந்த பேட்டரியைச் சூட்டில் காட்டக் கூடாது என்பதும் இன்று எல்லோருக்கும் தெரியும். நான் அதைக் கழற்றி மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையில், சுட்டெரிக்கும் வெயிலில், வடகம் காய வைப்பதுபோல் வைத்தேன். சற்று நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அது நன்றாக எண்ணெய் காய்ந்த சட்டியில் போட்ட பூரி மாதிரி உப்பியிருந்தது. கை வைக்கப் பயந்து, இடுக்கியால் பிடித்து டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்கு ஓடினேன்.

ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் பாஷா பாய் இருந்தார். கடைப் பலகையில் ‘செல் டாக்டர்’ என்று எழுதி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய செல்போன் படமும் வரைந்திருக்கும். எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். டப்பாவைத் திறந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“அய்யய்யோ! மூடுங்க சார், மூடுங்க! வெடிச்சா என் மூஞ்சி போயிடும். இத வெயில்ல வெச்சீங்களா? படிச்சவங்கதானே நீங்க?” அந்தப் பேட்டரியை மணல் வாளியில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, செட்டைப் பிரித்துப் பார்த்துக் கையை விரித்தார். “உள்ள பூரா தண்ணி. ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வீட்ல அரிசி டப்பாக்குள்ள பொதைச்சு வைங்க. உயிர் இருந்தா நாளைக்குத் தெரியும்.”

(அரிசியால் ஒரு பயனும் இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். அன்று அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

வீட்டுக்கு வந்து செட்டை அரிசிக்குள் புதைத்துவிட்டு மறுபடி வெளியே ஓடினேன். தணிகாசலம் கூப்பிட்டால் செட்டு எடுக்காது, அடுத்து கடை நம்பருக்குத்தான் போடுவார். அங்கே இருக்கும் விற்பனையாளர் செல்வத்தை எச்சரிக்க வேண்டும். ரயில் பாதையை ஒட்டிய பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. காசைப் போட்டேன். செல்வம் எடுத்தான். அதே நேரம் பார்த்து, பீச்சுக்குப் போகும் மின்சார ரயில் கிளம்பியது.

ஒரு சின்ன இலக்கணம் சொல்ல வேண்டும். தமிழில் பேசுவது மனிதனைப் பற்றியா பொருளைப் பற்றியா என்பது வினைச்சொல்லின் வாலில்தான் தெரியும். ‘விழுந்துடுச்சு’ என்றால் பொருள், ‘விழுந்துட்டாரு’ என்றால் ஆள். அன்று என் வால்கள் அனைத்தையும் அந்த ரயில் தின்றுவிட்டது.

“செல்வம், ஒரு பெரிய அநியாயம் நடந்துபோச்சு. செட்டு தண்ணில விழுந்து செத்து…” (ரயில்.)

“இன்னாது! சேட்டா? எப்போ சார்?”

எனக்கு ‘செட்டா’ என்று கேட்டது. “காலையிலதான். நானே உள்ள இறங்கித் தூக்கினேன். அசைவே இல்லை.”

“டாக்டராண்ட காட்டினீங்களா?”

“காட்டிட்டுதான் வரேன். உள்ள பூரா தண்ணியாம். வெயில்ல வேற வெச்சுட்டேனா, உப்பி…” (ரயில்.) “கையை விரிச்சுட்டாரு.”

“வெயில்ல ஏன் சார் வெச்சீங்க!” செல்வத்தின் குரல் உடைந்தது. “இப்ப பாடி எங்க கீது?”

செட்டின் வெளிக்கூட்டை நாங்கள் பாடி என்றுதான் சொல்வோம். “வீட்லதான். அரிசி போட்டாச்சு” என்றேன்.

அந்தப் பக்கம் ‘ஓ’ என்று ஓர் அழுகை கேட்டது. எனக்கே நெகிழ்ந்துவிட்டது. முதலாளியின் பொருள்மேல் இந்தப் பையனுக்கு எவ்வளவு பாசம்!

“அழாதே. சேட்டம்மாவுக்கு மட்டும் இப்ப சொல்லிடாத. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்.”

“கடைய இன்னா சார் பண்றது?”

கடையை என்ன பண்ணுவது? வழக்கம்போல் நடத்துவதுதான். அதைச் சொல்வதற்குள் என் ஒரு ரூபாய் தீர்ந்துவிட்டது.

மனம் கேட்காமல் வீட்டுக்குப் போய் அரிசி டப்பாவை இரண்டு தடவை திறந்து பார்த்தேன். “சோறு வெந்துதான்னு பார்க்கறீங்களா?” என்றாள் மனைவி. சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

கடைத்தெரு திரும்பியதும் கால் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் எல்லாக் கடைகளும் பாதி ஷட்டர் இறக்கியிருந்தன. எங்கள் கடைமுன் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவே ஆளுயர ஃபிளெக்ஸ் பேனர். ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்குக் கீழே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சேட்டு சிரித்துக்கொண்டிருந்தார். (தாம்பரத்தில் ரேஷன் கார்டில் ஒரு பெயர் திருத்த மாதக்கணக்காகும். அஞ்சலி பேனருக்கு அரைப்பொழுது போதும்.) ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்ற வரிக்குக் கீழே முதல் பெயர் என்னுடையது.

ஆண்டவன் சத்தியமாகச் சொல்கிறேன், சேட்டு போய்விட்டார் என்றே நான் நம்பினேன். குடலிறக்க ஆபரேஷன் சின்னது என்றார்களே! செட்டைக் கெடுத்த செய்தியைச் சொல்வதற்குள் மனிதரே போய்விட்டாரே. என்னை நம்பிக் கொடுத்த முகம் கண்முன் வந்தது. நான் வாய்விட்டு அழுதுகொண்டே ஓடிப்போய்ச் செல்வத்தைக் கட்டிக்கொண்டேன். அவனும் அழுதான். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் என் முதுகைத் தடவினார்.

“எப்படிடா செல்வம்? எப்படிடா போனாரு?”

செல்வம் அழுகையை நிறுத்தி என்னை விலக்கிப் பார்த்தான்.

“இன்னா சார் கேக்குறீங்க? நீங்கதானே தண்ணிலேர்ந்து தூக்கினீங்க?”

“யாரை?”

“சேட்டை.”

“எந்தச் சேட்டை?”

“வாய்க்கரிசி போட்டாச்சுன்னு சொன்னீங்களே சார்! ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தவரு எங்கியோ தண்ணில விழுந்துட்டாருன்னு நெனச்சேன். நானும் சந்தேகம் வேணாம்னு சேட்டு நம்பருக்கே போட்டுப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப்!”

மின்சாரம் தாக்கினால் எப்படி இருக்கும் என்று மின்சாதனக் கடையில் வேலை செய்தும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. பின்சீட்டில் வயிற்றில் பெல்ட் கட்டியபடி சேட்டு. பக்கத்தில் தலையணையோடு சேட்டம்மா. ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். ஆளை வரச் சொல்ல என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, போன் எடுக்காததால் அவர்களே வந்துவிட்டார்கள்.

பந்தலில் இருந்த அனைவரும் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கா பயத்திலா என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார். சேட்டம்மா பேனரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைத் தொட்டுப் பார்த்தார்.

சேட்டு மெல்ல இறங்கி, பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“எவன்டா இந்த போட்டோவ போட்டது? இதுல நான் குண்டா கீறேன்.”

சேட்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“நான் செத்துட்டேன்னு எவன் சொன்னான்?”

தெருவில் இருந்த எல்லா விரல்களும் என்னை நோக்கி நீண்டன.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சம்ப்பு, உறை, வெயில், டாக்டர், ரயில். சொல்லச் சொல்ல சேட்டுவின் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்துக் கும்பிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நிறுத்துடா… சிரிக்க வெக்காதடா… தையல் பிரிஞ்சுடும்டா!” என்று கத்தினார். கண்ணில் நீர் வழிந்தது. சேட்டம்மா தலையணையை எடுத்து அவர் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் கனவில் வருகிறது.

இந்தக் களேபரத்தில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பெரிய சம்பங்கி மாலையோடு சோகமாக இறங்கினார். நாவலூர் தணிகாசலம். செட்டு எடுக்கவில்லை என்று கடைக்குப் போட்டிருக்கிறார். செல்வம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். மாலை யாருக்கோ, அவரே நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, தணிகாசலம் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“வாங்கினது வாங்கிட்டீங்க, வீணாக்காதீங்க. போடுங்க” என்று சேட்டு கழுத்தை நீட்டினார்.

தணிகாசலம் பாதி இறங்கிய ஷட்டர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “ஒரு மனுஷனுக்காக இத்தனை பேர் கடையச் சாத்தறாங்கன்னா விசாரிக்க வேற என்ன இருக்கு? நாவலூர் கடை உங்களுக்குத்தான் சேட்டு” என்றார். அத்தனை கூட்டமும் கைதட்டியது. என் மூச்சு அப்போதுதான் திரும்பியது. தப்பித்தேன்! கடை கிடைத்துவிட்டது!

சேட்டு மாலையோடு என் பக்கம் திரும்பினார்.

“நாவலூருக்குச் செல்வம் போகட்டும். அரை நாள்ல பந்தல், பேனர், கூட்டம் எல்லாம் ரெடி பண்ணிக்கீறான். அவன்தான் மேனேஜரு. நீ இங்க என் கூடவே இரு.”

“சார்…”

“நான் நெஜமா சாவற அன்னிக்கு நீதான் எல்லாருக்கும் சொல்லணும். எவனும் நம்ப மாட்டான். நான் நிம்மதியா போவேன்.”

மறுநாள் காலை அரிசி டப்பாவைத் திறந்து, புது பேட்டரி போட்டேன். செட்டுக்கு உயிர் வந்துவிட்டது. சார்ஜர் ஓட்டையில் ஒரு அரிசி மாட்டிக்கொண்டதும், பேசுகிறவர் எல்லோரும் சம்ப்புக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்பதும்தான் குறை. முந்தைய நாள் டைரியில், மதியம் இருந்த பதற்றத்தில் ‘சேட்டு போய்விட்டது’ என்று நானே எழுதியிருந்தேன். இரட்டைக் கொம்பை ஒற்றைக் கொம்பாகத் திருத்தினேன். அந்த ஒரு சுழியில்தான் என் நாவலூர் போனது.

செல்வம் இன்று நாவலூரில் இரண்டு மாடிக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நான் தாம்பரத்திலேயே இருக்கிறேன். அஞ்சலி பேனரைச் சேட்டு தூக்கிப் போட விடவில்லை. அதன் பின்பக்கத்தில் ஆடித் தள்ளுபடி எழுதிப் பல வருடங்கள் ஓட்டினார். எண்பதை நெருங்கியும் தினம் காலையில் எனக்குப் போன் பண்ணி, “சேட்டு பேசறேன். செட்டு இல்ல” என்பார். பிறகுதான் வேலைப் பேச்சு.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு மூட்டை அரிசி வருகிறது. மூட்டையின் மேல், தமிழ் எழுதப் பழகாத கையால், ஒரே ஒரு வரி எழுதியிருப்பார்:

‘இது சாப்பட மட்டும்.’