பதினெட்டாவது அம்சம்

குழந்தையைக் காற்றாட வெளியே கொண்டுபோக வினோத்குமார் பதினெட்டு அம்சங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்திருந்தான். பதினெட்டாவது அம்சம் மாமனார். அதற்கு எதிரே மட்டும் என்ன நடவடிக்கை என்று எழுதாமல் விட்டிருந்தான்.

ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு குழாய் கம்பெனியில் அவன் சேஃப்டி சூப்பர்வைசர். ஆறு வருடங்களாக அங்கே ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. அப்பேர்ப்பட்டவன் தன் மகளைத் தூக்கினால், தளும்பத் தளும்பக் காப்பி நிரப்பிய டம்ளரைக் கொண்டுவருகிறவனைப் போல நடப்பான். குழந்தைக்கு அன்று நாற்பத்தோராவது நாள்.

மாமனார் இராமதாஸ் கடலோரக் குருசுக்குப்பத்துக்காரர். வேலை பார்த்த மில் மூடி எத்தனையோ வருடம் ஆகியும், முதல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியதுபோல விடிவதற்குள் எழுந்துவிடுவார். மனைவி இல்லாத வீட்டில் மகளுக்குப் பேறுகாலம் பார்த்தது முழுக்க அவர்தான். பூண்டுக் குழம்பு வைப்பார். துணி அலசுவார். தினமும் ஐந்து மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார். மகள் ஆறரை வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள். இந்த மனிதரை மெச்சாமல் இருப்பது கஷ்டம். வினோத்குமார் தினமும் முயன்று தோற்றான்.

ஏனென்றால் அவர் இரண்டு சட்டங்கள் போட்டிருந்தார். ஒன்று, மூன்று மாதம் முடியும்வரை குழந்தை வாசற்படி தாண்டக் கூடாது. இரண்டாவது, அடுத்த மாதம் தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று வினோத்குமார் சொன்னபோது போட்டது.

"ஒத்தை ஆளா ஒரு புள்ளைய உங்களால பாத்துக்க முடியும்னு என் கண்ணால பாக்கணும் மாப்ள. அதுவரைக்கும் இங்கதான்."

டாக்டரோ வேறு மாதிரி சொன்னார். வெயில் ஏறுவதற்கு முன்னால், கூட்டமும் புகையும் இல்லாத இடத்தில், பத்து நிமிடம் காற்றாடக் கொண்டுபோகலாம். துணியைப் போட்டுப் பொதியாமல், பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதும். கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள். ஏழு மணிக்கு இராமதாஸ் மீன் வாங்கப் போனார். செந்தமிழ்ச்செல்வி புருஷனை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, கழுத்துல வேர்த்தா ஒரு துணிய எடுத்துடுங்க. முகத்த மட்டும் மூடாதீங்க. அப்பா வந்துட்டா புள்ள தூங்குதுன்னு சொல்லிச் சமாளிக்கிறேன்."

"லிஸ்ட்ல எல்லாம் இருக்கு."

"அதுல ஒம்போதாவது இன்னாங்க, சாக்ஸுல மணலுன்னு எழுதி வச்சிருக்கீங்க?"

"நேத்து புள்ள சாக்ஸுல மணல் இருந்துது. எங்கேர்ந்து வந்துதுன்னு விசாரிக்கணும்."

பட்டியலின் முதல் அம்சம் குழந்தையின் தள்ளுவண்டிச் சக்கரம். அது கீச்சிட்டது. குழந்தை விழித்துக்கொள்ளும் என்று வினோத்குமார் தேங்காய் எண்ணெய் விட்டான். கீச்சொலி நின்றது. எண்ணெய் இறங்கியதில் பிரேக்கும் வேலையை நிறுத்திக்கொண்டது. தொழில் தெரிந்தவன் என்பதால் அவன் பதறவில்லை. உயரத்தில் வேலை செய்பவர்கள் கட்டும் கயிற்றைப் பையிலிருந்து எடுத்து, வண்டியைத் தன் இடுப்போடு பிணைத்துக்கொண்டான். இனி வண்டி ஓடினால் அவனும் கூடவே ஓடுவான். தகப்பன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

கடற்கரைச் சாலையில் கால்வைத்ததும் ஆலோசனைகள் தொடங்கின. நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் குல்லா எங்கே என்று கேட்டார்கள். போட்டான். குழந்தை அழுதது. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் கைத்தடியை நிறுத்தி, இந்த ஊர் வெயிலில் குல்லா எதற்கு என்று கேட்டார். கழற்றினான். கடற்காற்று ஆகாது என்று மீன்கூடையோடு வந்த மீன்காரி அன்னக்கிளி அதட்டினாள். ஒரு துண்டைச் சுற்றினான். பின்கழுத்தைத் தொட்டான், வேர்த்திருந்தது. அவிழ்த்தான். அவிழ்ப்பதைப் பார்த்த நான்கு பேர் நின்றார்கள். நால்வரும் குனிந்து கன்னத்தைத் தொடக் கை நீட்டினார்கள்.

பட்டியலின் பதினாலாவது அம்சம்: கூட்டம் கூடாது.

இங்கேதான் வினோத்குமாரின் அனுபவம் கைகொடுத்தது. கம்பெனியில் பள்ளம் தோண்டினால் சுற்றிக் கட்டுகிற சிவப்பு வெள்ளை நாடா பையில் இருந்தது. கைப்பிடிச் சுவரோரம் வண்டியை நிறுத்தி, விளக்குக் கம்பத்தில் தொடங்கி ஆறடிக்கு ஆறடி வளைத்துக் கட்டி, நடுவில் மகளோடு நின்றுகொண்டான். ஒருவர்கூட உள்ளே வர முடியாது. இவ்வளவு பாதுகாப்பாக ஒரு குழந்தை அந்தக் கடலைப் பார்த்திருக்காது.

அவன் ஒன்றை மறந்துவிட்டான். இந்த ஊரில் கடற்கரையில் நாடா கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஷூட்டிங்கா சார்?"

"இல்ல."

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. ஹீரோ யாரு?"

"ஹீரோல்லாம் இல்லங்க. உள்ள புள்ள தூங்குது. சத்தம் போடாதீங்க."

அது இன்னும் நம்பும்படியாக இருந்தது. கேமராவை எங்கோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் விளக்க, ஐம்பது பேர் சேர்ந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டியிருப்பதால் இவன் சண்டைக் காட்சியில் டூப் போடுகிறவன் என்று முடிவாயிற்று. இரண்டு பேர் செல்ஃபி கேட்டார்கள். குழந்தை வீறிட்டது. சுற்றிலும் சத்தம். அவன் குழந்தையைத் தூக்கித் தலையைத் தாங்கிக்கொண்டு வெளியேறப் பார்த்தான். இடுப்புக் கயிறு வண்டியை இழுத்தது. வண்டி நாடாவை இழுத்தது. அவன் திரும்பத் திரும்ப நாடா அவனைச் சுற்றிக்கொண்டது. அந்த நிலையிலும் அவன் கை குழந்தையின் தலையை விட்டு ஒரு நூல் விலகவில்லை. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

அப்போது தூரத்தில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. சுக்குக் காப்பி மதிவாணனின் சைக்கிள். என்ன விந்தையோ, குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி, மணி வந்த திசையில் கண்ணை அகல விரித்தது.

அதே நேரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கையில் சங்கரா மீன் பையோடு, பதினெட்டாவது அம்சம் வந்து நின்றது.

ஷூட்டிங் பார்க்க வந்த மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். பிறகு மீன் பையைக் கூட்டத்தில் நின்ற அன்னக்கிளியிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்தவரின் பாட்டில் தண்ணீரில் கையை அலம்பித் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கினார். பின்கழுத்தில் ஒரு விரலை வைத்தார். மேல்துணியை எடுத்தார். வெயில் கண்ணில் படாதபடி தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்க்க நின்றார். எல்லாம் நான்கு நொடி. குழந்தை அந்தத் தோளில் தனக்கென ஒதுக்கிய இடம்போலக் கன்னத்தை வைத்துக்கொண்டது. நாடாவுக்குள் சிக்கியிருந்தாலும் வினோத்குமார் அந்தக் கைவாகை மனதுக்குள் பாராட்டினான்.

"மூணு மாசம்னு சொன்னனா இல்லியா மாப்ள?"

"டாக்டர்தான் மாமா…"

"டாக்டரா வந்து கயிறு கட்டிவுட்டாரு? பச்ச மண்ணு. பொறந்ததுலேர்ந்து வாசப்படி தாண்டாத புள்ள. அத இந்தக் காத்துல, இத்தினி ஜனத்துக்கு நடுவுல…" அவர் குரல் உயர்ந்தது. கூட்டம் இதையே காட்சி என்று நினைத்து அமைதியாயிற்று. "அடுத்த மாசம் கூட்டிக்கினு போற பேச்ச இன்னியோட வுட்டுடுங்க. ஒத்தை ஆளா உங்களால முடியாது."

வினோத்குமார் மனதுக்குள் பட்டியலைப் புரட்டினான். இதற்கு எதிரே அதில் எந்த நடவடிக்கையும் எழுதியிருக்கவில்லை.

கூட்டத்தின் ஓரமாய் சைக்கிளை நிறுத்திய மதிவாணன், காப்பிக் கேனின் குழாயைத் திறந்து ஒரு கப் பிடித்து, கேட்காமலே இராமதாஸிடம் நீட்டினான்.

"இன்னாண்ணே, பாப்பாவ தினம் அஞ்சரைக்குத் தூக்கிக்கினு வந்துட்டு ஆறுக்குள்ள போயிடுவீங்களே, இன்னிக்கி பாப்பா ரெண்டாவது ஷிஃப்டும் சேத்துப் பாக்குதா?"