அறுபத்தொரு சதவீத இருதயமேரி

திண்டிவனத்தில் பெயர்ப் பொருத்தச் சிறப்பு அலுவலகம் என்று ஒன்று திறக்கப்பட்டு, செவ்வனே இயங்கி வந்தது. கல்யாணத்துக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே ஓர் ஆளுக்கும் அதே ஆளுக்கும் பொருத்தம் பார்த்தார்கள்.

இருதயமேரி அந்த ஆபீஸ் வாசலிலேயே ஒன்பது வருஷமாக அவிச்ச மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவள். ஏரிக்கரையில் இருந்த அவள் வீட்டை இடிக்கப்போகிறார்கள். மாற்று இடத்துக்குப் பட்டா கொடுக்கும் பட்டியல் வெள்ளிக்கிழமையோடு மூடுகிறது. ரேஷன் கார்டில் அவள் இருதயமேரி, ஆதாரில் இருதய மேரி, ஓட்டு அட்டையில் ஹிருதய மரி. மூன்று பேரும் ஒருத்திதான் என்று சான்று கொண்டு வந்தால்தான் பட்டியலில் பேர் ஏறும்.

அலுவலர் சீனுவாசனிடம் போய் நின்றாள். தினம் நாலு மணிக்கு அவளிடம் மல்லாட்டை வாங்கித் தின்கிறவர்தான்.

"நான்தான் சார் இது."

"நீதான்னு எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியறதெல்லாம் ஆதாரம் ஆயிடுமா?"

ஆகாது. அதற்காகவே விழுப்புரத்திலிருந்து மூன்று கணினி முறைகளும் ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தன. மூன்றையும் ஒப்பிட்டு, சிறந்தது எது என்று அறிக்கை தர வேண்டும். அதுவரை மூன்றின் சராசரி எழுபத்தைந்து வந்தால்தான் சான்று. கம்ப்யூட்டர் பார்க்கும் பானுப்ரியா இருதயமேரியை உள்ளே ஏற்றினாள்.

முதல் முறை, எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணும். நடுவில் விழுந்த வெற்றிடத்தையும் எழுத்தாக எண்ணி நாற்பத்தெட்டு போட்டது. இரண்டாவது, காதுக்கு எப்படிக் கேட்கும் என்று பார்க்கும். அது தாராளமாகத் தொண்ணூற்றொன்று கொடுத்தது. கூடவே, திருவெண்ணெய்நல்லூர் இருதயசாமி என்ற மீசைக்காரரும் இவளேதான் என்று எண்பத்தொன்பது கொடுத்தது. மூன்றாவது, உயிரை உருவிவிட்டு மெய்யை மட்டும் வைத்துக்கொள்ளும். அதன் கணக்கில் மேரியும் மாரியும் ஒன்று. 'மத நல்லிணக்கத்துக்கு உகந்தது' என்று சீனுவாசன் குறிப்பெழுதினார். ஆனால் முன்னால் ஒரு ஹ நிற்பதால் ஆளே வேறு என்று சொல்லி அதுவும் நாற்பத்துநாலில் நின்றுவிட்டது.

"சராசரி அறுபத்தொண்ணு சார்," என்றாள் பானுப்ரியா.

"கேட்டுக்கினியாம்மா? மீதி முப்பத்தொம்போதைக் கூட்டிக்கினு வா."

"அது வீட்ல சோறாக்கிக்கினு இருக்குது சார். இன்னா பேஜாரா இருக்குது! நாளன்னிக்கு வீட்ட இடிக்க வர்றாங்க. முழுசா நிக்கிறேன், கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"கண்ணு தெரியுது. மார்க் தெரியணுமில்ல?"

இருதயமேரி வெளியே வந்து மல்லாட்டைக் கூடையை நங்கென்று வைத்தாள்.

வியாழக்கிழமை அடுத்த சுற்றறிக்கை வந்தது. கையெழுத்துப் போடும் அலுவலர்களும் சோதனைக்கு உட்பட்டவர்களே. சீனுவாசன் பள்ளிச் சான்றில் ஸ்ரீநிவாசன். பானுப்ரியா தட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தாள்.

"ஐம்பத்திரண்டு சார்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார். பாதிக்கு மேல உங்களுக்கு."

எழுபத்தைந்தைத் தொடாததால், மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார அவருக்கு உரிமை இல்லை. சீனுவாசன் பழைய சுற்றறிக்கையை எடுத்து, வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பின்பக்கம் திருப்பினார். 'ஐந்தாண்டுகள் நேரில் அறிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் சோதனை தேவையில்லை. அலுவலருக்கு எழுதிக் கொடுப்பவர் அலுவலகத்துக்கு வெளியாளாக இருத்தல் வேண்டும்.'

விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"இருதயமேரி அம்மா! என்னை உங்களுக்குத் தெரியுமில்லைங்களா?"

நேற்று வரை இருந்த 'வாம்மா போம்மா' எங்கே போயிற்றோ.

"தெரியாம இன்னா சார்? உப்பு பத்தலன்னு சொல்லிக்கினே ரெண்டு பிடி சேத்து அள்ளுவீங்களே."

"அதேதான்! உப்பை விட்டுட்டு மீதியை எழுதி ஒரு கையெழுத்து போடுங்க."

"போடலாம் சார். ஆனா அறுபத்தொண்ணு சதவீதக் கையெழுத்து செல்லுமா?"

மணி நாலே முக்கால். சீனுவாசன் கூடை மேலேயே காகிதத்தை வைத்து எழுதினார்: 'மேற்படியாரை ஒன்பது ஆண்டுகளாக நேரில் அறிவேன். மூவரும் ஒருவரே.' பானுப்ரியா சீலோடு ஓடிவந்தாள். அதன் பிறகுதான் இருதயமேரி அவருக்குக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முழு ஆளாக்கிக்கொண்டார்கள்.

இருதயமேரிக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. வீடு கிடைத்துவிட்டது, மாதாவே!

வரிசையில் நின்ற கோவிந்தம்மாள் அவள் கையைப் பிடித்தாள். ஏரிக்கரையில் இருதயமேரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, ஒரே கிணற்றில் இருபது வருஷம் தண்ணி இறைத்தவள்.

"மேரி, எனக்கு ஐம்பத்தெட்டுதான் வந்துச்சு. நீதான் இப்ப முழு ஆளாச்சே. என்னைத் தெரியும்னு ரெண்டு வரி எழுதிக் குடேன்."

இருதயமேரி சான்றை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். தொண்டையை ஒருமுறை கனைத்தாள்.

"உன்னை எனக்குத் தெரியும் கோவிந்தம்மா. எனக்குத் தெரியறதெல்லாம் ஆதாரம் ஆயிடுமா? இன்னொரு வாட்டி மெஷின்ல பாத்துக்கினு வா."