விசில் ஊதிக் குடியை நிறுத்திய கண்டக்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். வீட்டுக்காரர் குடித்த கதையை ஊருக்கெல்லாம் சொல்வானேன் என்றுதான். போன வாரம் அவரே, "எழுதேன். குடிச்சத மட்டும் எழுதிட்டு வுட்றாத, நிறுத்தினதையும் எழுது" என்றார். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், விசில் ஊதியே அடுத்தவர் குடியை நிறுத்திய ஆள் கண்டக்டர் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குக் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ரிட்டையர் ஆனவர், வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டகையில் குடி நிறுத்தும் முகாம் நடத்தினார்.

உள்ளே பெஞ்சுகளை இரண்டு வரிசையாய்ப் போட்டு நடுவில் வழி விட்டிருப்பார். சாட்சாத் பஸ்தான், சக்கரம் மட்டும் கிடையாது. புதிதாய் வந்தவன் நின்றுகொண்டே இருக்கவேண்டும். சில நாள் குடிக்காமல் இருந்தால் சீட்டு. மாசக்கணக்கில் தாக்குப்பிடித்தால் ஜன்னல் சீட்டு. ஓலைக் கொட்டகைக்கு ஏது ஜன்னல்? அதற்காகவே ஓலையில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். யார் வாயிலாவது வாடை வந்தால் விசில் பறக்கும். "எறங்கு எறங்கு! ஃபுட்போர்டுக்குப் போ!" அப்புறம் அவன் வாசற்படியில் தொங்கிக்கொண்டு நிற்பான். தெருவில் புரண்டவர்களெல்லாம் அந்த ஓலை ஓட்டைக்காக அடித்துக்கொண்டார்கள்!

சாயங்காலம் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, வரிசையாய் அவரவர் வீட்டுக்குக் கூட்டிப் போவார். வழியில்தான் சாராயக்கடை. அங்கே வந்ததும் இரண்டு விசில். "இங்க ஸ்டாப்பிங் இல்ல! ரைட், போலாம்!" வரிசை நிற்காமல் போய்விடும்.

குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனதால் கம்பெனியில் சஸ்பெண்ட் ஆகித்தான் என் வீட்டுக்காரர் அந்தக் கொட்டகையில் ஏறினார். 1991 தை மாசம் ஜன்னல் சீட்டுக்கே வந்துவிட்டார். ஓடிப்போய்ப் பர்சனல் ஆபீசரிடம் சொன்னேன். "முகாம் நடத்துறவர் என்ன படிச்சிருக்கார்? சரியான ஆள்கிட்ட குணமாகியிருந்தாத்தான் வேலை. நானே வந்து பாக்கறேன்" என்றார்.

ஆபீசர் வந்த அன்று கொட்டகை நிறையப் பெண்டுகள். வந்ததும் அதே படிப்புக் கேள்விதான். பக்கத்து வீட்டு அஞ்சலை முந்திக்கொண்டாள். "இன்னா சார் இப்படிக் கேட்டுட்ட? அவரு வேலூர்ல டாக்டருக்குப் படிச்சவரு."

"இல்ல சார், பரம்பரை சித்த வைத்தியரு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"ரெண்டும்தான் சார்! காலைல அது, சாயங்காலம் இது." அஞ்சலை விடவில்லை.

ஃபுட்போர்டில் தொங்கியவன் ஒருவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "படிப்ப வுடு சார். இந்தாளு ஒரு சொட்டு குடிச்சதில்ல. குடிக்கவே தெரியாதவரு குடியப் பத்தி இன்னாத்த சொல்றது? எனுக்குத்தான் சார் சர்வீஸ் ஜாஸ்தி!"

படிப்புக்குப் பாதிப் பேர், அனுபவத்துக்குப் பாதிப் பேர் என்று கொட்டகை இரண்டாய்ப் பிரிந்தது. பெஞ்சு ஒன்று குடைசாய்ந்தது. அப்போது விசில். கப்சிப்.

"எட்டாங்கிளாஸ் ஃபெயில் சார்" என்றார் கண்டக்டர். "டாக்டரும் இல்ல, வைத்தியரும் இல்ல. போதைல ஏறினவங்கள எத்தினியோ பேர அவங்க எடத்துல பத்திரமா எறக்கி வுட்டுகீறேன். அது ஒண்ணுதான் தெரியும்."

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். ஆபீசர் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "வர்ற வழியில ஒரு சாராயக்கடை பாத்தேன். அந்தக் கடை வழியா இவங்களக் கூட்டிக்கிட்டுப் போங்க, பாக்கறேன்" என்றார்.

என் கையில் கோவில் சந்தனம் இருந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனாவுக்கு வைப்பதுபோல் விசிலுக்கு ஒரு பொட்டு வைத்தேன். கவலையில் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டேன். "முருகா, நீதான் ஊதணும்" என்று வேண்டிக்கொண்டேன்.

வரிசை கிளம்பியது. என் வீட்டுக்காரர்தான் முதல் ஆள். கடை வந்தது. கண்டக்டர் ஊதினார். சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினார். கன்னம் பூரி மாதிரி உப்பியதுதான் மிச்சம். என் சந்தனம் விசிலை அடைத்துக்கொண்டுவிட்டது!

வரிசை நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் கால் கடைப் பக்கம் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாங்கடா நிக்கிறீங்க? இங்க ஸ்டாப்பிங் இல்ல! ரைட், போலாம்!"

கண்டக்டர் குரல் இல்லை. என் வீட்டுக்காரர் குரல். கண்ணைத் திறந்தால் வரிசை கடையைத் தாண்டி ஓடுகிறது. ஓடுகிற பஸ்ஸைப் பிடிப்பதுபோல் பின்னாலேயே கண்டக்டர், வாயில் அந்த ஊமை விசிலோடு. கடைசி ஆள் தோளில் கை வைத்தபடி, தன்னை அறியாமல் ஆபீசரும் ஓடிக்கொண்டிருந்தார்!

எங்கள் வீட்டு வாசலில்தான் அவருக்கு மூச்சு வந்தது. "திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வரச் சொல்லுங்கம்மா."

சந்தனம் வைத்ததைக் கண்டக்டரிடம் அழுதுகொண்டே சொன்னேன். விசிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சும்மா. நாளைக்கும் வெச்சு வுடு" என்றார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒன்றும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். முக்கியமாக, அஞ்சலை மாதிரி அவரை டாக்டர் ஆக்கிவிடாதீர்கள். கண்டக்டர் என்றே சொல்லுங்கள். என் வீட்டுக்காரரை என் வாசலில் பத்திரமாய்க் கொண்டுவந்து இறக்கிவிட்டவர் அவர்.