வெள்ளை தனி, வண்ணம் தனி

"பதறாதீங்க சார், ஆளு கிளம்பிட்டாரு," என்று லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரிடம் குமாஸ்தா ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், அவருடைய செல்ஃபோனில் அந்தச் செய்தி வந்து விழுந்தது.

'அயல்மேடை அன்பர் குழுவில் வாங்கிக்கொண்டே இருந்து, எதையும் கொடுக்காத உறுப்பினர்கள் இந்த மாதக் கடைசியோடு நீக்கப்படுவார்கள். இப்படிக்கு, பால்கனி.'

பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன? அந்தக் குழுவில் ஓசியில் பார்த்தே காலம் தள்ளும் ஒரே ஆசாமி யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"சார், லைன்ல இருக்கீங்களா? இங்க மூச்சு முட்டுது சார்!" என்றது ஃபோன்.

"எனக்கும்தான் சார்," என்றார் குமாஸ்தா.

லிஃப்ட் கம்பெனியில் புகார் வாங்கிப் போடுவது அவருக்குச் சோற்றுக்கு வழி. வாழ்க்கை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. வெளிநாட்டு இசை நாடகங்கள்! மேடையில் பாடுகிறவர்களை ரசிகர்கள் சட்டைக்குள் செல்ஃபோனை ஒளித்து வைத்துத் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பார்கள். அதைக் குழுவில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். விற்பனை கிடையாது. ஒன்று கொடுத்தால் ஒன்று. குழுவில் யாருக்கும் யார் முகமும் தெரியாது. பால்கனி, பூதக்கண்ணாடி, இடைவேளை என்று எல்லாருக்கும் தியேட்டர் பெயர்தான். நம் குமாஸ்தாவுக்குப் பெயர் 'கடைசிவரிசை.' விமானத்தை அவர் அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் எந்த ஊர் அரங்கில் எந்த வரிசையில் தூண் மறைக்கும் என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவார்.

நீக்கினால் நீக்கட்டும் என்று விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. குழுவே 'மகாராணி' என்று கும்பிடும் ஒரு பாடகி, தன் கடைசி நாடகத்தின் கடைசிப் பாட்டில் வாயே திறக்காமல் நின்றுவிட்டு, அப்படியே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாராம். அந்தக் காட்சியின் ஒரே பதிவு தன்னிடம் இருப்பதாகப் பால்கனி அறிவித்த நாளிலிருந்து குமாஸ்தாவுக்குச் சரியான தூக்கம் கிடையாது. அதைப் பார்க்காமல் போனால் தன் நெஞ்சு வேகாது என்று மனைவியிடமே சொல்லியிருந்தார்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாஷிங் மெஷினில் துணி போட்டுக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"ஷ்ஷ்! நானே இடிஞ்சு போய் வந்திருக்கேன். நீ வேற."

"நான் பாடினா மட்டும் உங்களுக்கு எங்கிருந்துதான் தலைவலி வருமோ! என்ன ஆச்சு?"

சொன்னார். அவள் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்து மெஷினுக்குள் எறிந்துவிட்டு, "அதுக்கென்ன, நீங்களே ஒண்ணு எடுத்து அனுப்பிடுங்க. அந்த இருட்டுல எது வெளிநாடு, எது மாட்டுக்கொட்டாய்னு யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். அவர் பிடித்துக்கொண்டார்.

மைத்துனன் சோபாக் கடை வைத்திருந்தான். வார விடுமுறையில் ஷட்டரை இறக்கிவிட்டு சோபாக்களை வரிசையாகப் போட்டால் அரங்கம் தயார். எதிர்க் கடை திரைச்சீலைக் கடை. அதன் சொந்தக்காரர் தலை பளபளவென்று வழுக்கை. குமாஸ்தா போய்த் தயங்கித் தயங்கி, "சிவப்பு வெல்வெட் திரை ஒண்ணு, இரவலா..." என்று இழுத்தார்.

"மேடை அகலத்துக்கா, ஜன்னல் அகலத்துக்கா சார்?"

"மேடை."

"எடுத்துட்டுப் போங்க. மாசக் கடைசிக்குள்ள திரும்பக் குடுத்துடுங்க. அதுக்கு எப்பவும் கிராக்கி."

எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று குமாஸ்தா நெகிழ்ந்து போனார்.

அடுத்த சிக்கல், பாட்டு. "எனக்கு என்ன வெளிநாட்டு பாஷை தெரியும்?" என்றாள் மனைவி. வீடு முழுக்கத் தேடியதில் வாஷிங் மெஷினோடு வந்த கையேடு கிடைத்தது. அதில் எத்தனையோ மொழிகளில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்திருந்தார்கள். ஆங்கில எழுத்தில், ஆனால் ஆங்கிலமாக இல்லாத ஒரு பக்கத்தை அவள் தேர்ந்தெடுத்து, இரண்டு முறை முணுமுணுத்து, மெட்டுப் போட்டுவிட்டாள்.

மைத்துனன் தன் புதுக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திப் படம் பிடித்தான். படமென்றால் படம், கண்ணாடி மாதிரி. திரை விலகும் சில நொடிகளை மட்டும் குமாஸ்தா மாதிரிக்கு அனுப்பினார். போலிகளைக் கண்டுபிடிப்பதே வேலையாக வைத்திருக்கும் பூதக்கண்ணாடியிடமிருந்து உடனே பதில் வந்தது.

'படம் ஆடவில்லை. யாரும் இருமவில்லை. முன்னால் ஒரு தலை கூட இல்லை. இவ்வளவு தெளிவாக எடுப்பவன் ரசிகனே அல்ல. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது.'

'அது நாடகக் கம்பெனியின் விளம்பரத் துண்டு. நான் ஒளித்து எடுத்த முழுப் பகுதி தனியாக இருக்கிறது' என்று குமாஸ்தா அவசரமாக அடித்து அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் அந்த முழுப் பகுதியை இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்பது உறைத்தது.

"நல்லா எடுத்தா தப்புன்னு சொல்ற கூட்டத்தை இப்பதான் மாமா பாக்கறேன்," என்றான் மைத்துனன். அவனுக்குக் கேமராவை அவமானப்படுத்திவிட்டார்களே என்ற கடுப்பு.

"எனக்கு ஒரு தலை வேணும்டா."

தலை எதிர்க் கடையில் இருந்தது. குமாஸ்தா மறுபடி போய் நின்றார். "தப்பா நினைக்காதீங்க. அடுத்த லீவு நாள்ல கொஞ்ச நேரம், எனக்கு முன்னாடி சோபாவில..."

"திரும்பிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதானே?" என்றார் திரைச்சீலைக்காரர், துணியை அளந்துகொண்டே.

சொன்னபடி வந்தார். உட்கார்ந்தார். குமாஸ்தா சட்டைப் பொத்தான் இடுக்கில் செல்ஃபோனைச் செருகிக்கொண்டு, கை நடுங்க வேண்டுமே என்று கவலைப்படத் தேவையே இல்லாமல் நடுங்கினார். மனைவி திரைக்கு முன் மங்கலான விளக்கில் நின்று கையேட்டைப் பாடினாள். அவள் குரல் உச்சத்துக்குப் போன அதே இடத்தில் திரைச்சீலைக்காரர் அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல் இருமினார்.

"சரியான இடத்துல இருமினீங்க!"

"தானா வந்துடுச்சு சார்," என்றார் அவர் அடக்கமாக.

பதிவு போய்ச் சேர்ந்ததும் குழு பற்றி எரிந்தது. 'இந்தக் குரல் யாருடையது?' என்று கேள்வி மேல் கேள்வி. இருமலைக் கேட்டே அரங்கத்தின் உயரத்தைக் கணித்தார் ஒருவர். குழுவின் மொழிப் புலி இடைவேளை, பாட்டை வரிவரியாக மொழிபெயர்த்துப் போட்டார். 'வெள்ளை தனி, வண்ணம் தனி. ஒன்றோடொன்று சேர்ந்தால் கறை படியும். சுழற்சி முடியும்வரை கதவைத் திறவாதே.' சமூகம் பிரித்துவைத்த இரு காதலர்களின் கதறல் இது என்றும், கடைசி வரியைப் படித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுததாகவும் எழுதியிருந்தார்.

"அட, அது துணி போடற முறைங்க!" என்று மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "குரலைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க? அதைத் திருப்பிப் படிங்க," என்றாள்.

அவர் படித்தார். 'இப்படி ஒரு குரலைத் தினமும் கேட்கக் கொடுத்துவைத்தவர் யாரோ' என்ற வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஷ்ஷ் ஷ்ஷ் என்று அடக்கிவைத்த குரல் அது. வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம் ஆறுவதற்குள் பால்கனி எழுதினார். 'பாதி நாடகத்துக்கு மகாராணியைத் தர முடியாது. இரண்டாம் பகுதி எங்கே?'

இரண்டாம் பகுதிக்குக் கதாநாயகனாகத் தானே நடிப்பேன் என்று மைத்துனன் அடம்பிடித்தான். அவன் பங்குக்கு 'கோளாறுகளும் தீர்வுகளும்' பக்கம் வந்தது. தண்ணீர் வடியாவிட்டால் என்ன செய்வது என்பதை உருகி உருகிப் பாடிக்கொண்டே பின்னால் நகர்ந்தவன் கால் தடுக்கித் திரையைப் பிடிக்க, கம்பியோடு மொத்த வெல்வெட்டும் அவன் மேல் சரிந்தது. "ஐயோ அக்கா!" என்று உள்ளேயிருந்து ஓர் அலறல். குமாஸ்தாவுக்குத் திரும்ப எடுக்கத் தெம்பில்லை. அப்படியே அனுப்பிவிட்டார்.

'நாயகன் சாவை இப்படிக் காட்டிய இயக்குநர் மேதை!' என்றது குழு. அந்த அலறலுக்கு இடைவேளை மூன்று விளக்கம் கொடுத்தார். பூதக்கண்ணாடி மட்டும், 'எந்த அரங்கம்? முகவரி வேண்டும். பாடகிக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்புகிறோம்' என்று கேட்டார்.

மாட்டிக்கொண்டோமே என்று குமாஸ்தா கையைப் பிசைந்தார். அலுவலகத்தில் ஃபோன் வேறு விடாமல் அடித்தது. ஒரு கையால் அதை எடுத்து, "ஆளு கிளம்பிட்டாரு சார்," என்று சொல்லிக்கொண்டே மறு கையால், 'அரங்கம் தீப்பிடித்து எரிந்துவிட்டது' என்று அடித்தார்.

'பாடகி தப்பித்தாரா?'

'தகவல் இல்லை.'

போதாதா? அரை மணி நேரத்தில் குழுவில் எல்லாருடைய படமும் கறுப்பாக மாறியது. இரங்கற்பாக்கள் வரிசைகட்டி வந்தன. குமாஸ்தா வீட்டுக்குப் போனபோது மனைவி துணி உலர்த்தும் கொடிக்கு அடியில் நின்று, அவர் வீட்டில் விட்டுப்போயிருந்த கணினியில் தன் சாவுச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கொன்னுட்டீங்களா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். எல்லாம் அடங்கட்டும்."

"இத்தனை பேர் எனக்காக அழறாங்க. நான் உயிரோட இருக்கும்போது ஒரு நாள், ஒரே ஒரு நாள் முழுசா ஒரு பாட்டு பாட விட்டிருக்கீங்களா?" அவள் குரல் உடைந்தது. "யாரோ வாயைத் திறக்காம நின்னதைப் பாக்கறதுக்கு உசுரை விடறீங்க. வாயைத் திறந்து பாடறவ ஒருத்தி வீட்டுல இருக்கேன்."

கொடியிலிருந்து ஈரச் சட்டை ஒன்று குமாஸ்தாவின் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. நகராமல் நின்றார்.

"குழுவை விட்டு வந்துடறேன்," என்றார் கடைசியில். அந்த நிமிடம் அதை உண்மையாகத்தான் சொன்னார்.

ஆனால் இறந்தவளின் கடைசிப் பதிவுக்கு மதிப்பு எகிறிவிட்டது. மறுநாள் காலையில் பால்கனியே இறங்கி வந்தார். 'தம்பி, உங்கள் பதிவின் அசல் பிரதி எனக்கு வேண்டும். மகாராணியை இப்போதே அனுப்புகிறேன்.'

குமாஸ்தா மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "வாங்கித் தொலைங்க. இத்தோட சரி. அப்புறம் தினமும் நான் பாடுவேன், நீங்க உக்காந்து கேக்கணும். ஒரு ஷ்ஷ் வந்துச்சு, நிஜமாவே கொலை விழும்."

"சத்தியமா."

மாதக் கடைசி. மைத்துனன் கடையில் கணினியைத் திறந்து வைத்து மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். திரையைத் திரும்ப எடுத்துப்போக வந்த திரைச்சீலைக்காரர், பின்னால் அதை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

மகாராணி வந்தார். அதாவது, ஒரே இருட்டு வந்தது. படம் நடுங்கியது. முன்னால் ஒரு தலை முக்கால் மேடையை மறைத்தது. மிச்சக் கால் மேடையில், சிவப்புத் திரைக்கு முன்னால், நிழல் மாதிரி ஒரு பெண் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். யாரோ இருமினார்கள். பெண் இறங்கிப் போய்விட்டாள்.

குமாஸ்தாவுக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. "பாத்தியா? என்ன ஒரு மௌனம்! இதையெல்லாம் நம்ம ஊர்ல யாராலயாவது செய்ய முடியுமா?"

"பாடவே இல்லையேங்க," என்றாள் மனைவி.

"அதுதான்டி பாட்டே! உனக்கு இதெல்லாம் புரியாது. இன்னொரு தடவை போடறேன், பாரு."

மடித்த வெல்வெட்டைத் தோளில் போட்டுக்கொண்ட திரைச்சீலைக்காரர், அவர்கள் தலைக்கு மேலாகக் குனிந்து கணினியை உற்றுப் பார்த்தார். தன் வழுக்கையைப் பின்பக்கமாக ஒரு தடவு தடவிப் பெருமூச்சு விட்டார்.

"இது போன வருஷம் எடுத்தது சார். அப்ப எனக்குப் பின்னால கொஞ்சம் முடி இருந்துச்சு."