கொஞ்சம் மேடுதான் என்றார்கள், அத்தான்

ஹேர்னிங்,
மே மாதம் 8ஆம் திகதி.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய ஜீவரட்ணம் அத்தான் அவர்கட்கு,

ஹேர்னிங்கிலிருந்து பேதுரு எழுதிக்கொள்வது. தேவகிருபையால் நானும் தங்கள் தங்கை மார்கிரட்டும் இங்கு சுகம், எனது முழங்கால்கள் இரண்டும் நீங்கலாக. பிரெடெரிசியாவில் தாங்களும் அக்காவும் சபையாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

அத்தான், தாங்கள் கேட்ட கடிதம் இது. மார்கிரட் சைக்கிள் உடுப்போடு நின்ற படம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்து இன்றைக்கு ஏழு மாதம். மகளுக்கு அனுப்ப வேண்டியதைக் குழு மாறி அனுப்பியவன் நான். ஆனால் தாங்கள் கதைப்பதை நிறுத்தியது அவளோடு. "ஐம்பத்தெட்டு வயதிலை அரைக் காற்சட்டையோ? அவளைச் சைக்கிளாலை இறக்கிப்போட்டு எனக்குக் கடிதத்திலை எழுது, வாட்ஸ்அப்பிலை வேண்டாம். அதுவரைக்கும் நான் அவளோடை கதையேன்" என்று தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் தாங்கள் வழக்கமாகப் போன் எடுக்கும் நேரத்தில் அவள் போனை அடுப்படி மேசையில் வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவுவாள்.

அவளை இறக்குவதற்கு என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அவளும் அவளோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண்களுமாகப் பதினொரு பேர் சைக்கிள் கிளப் வைத்திருக்கிறார்கள். சித்திரையில் அவர்கள் மயோர்க்கா என்கிற ஸ்பானியத் தீவுக்கு மலைப்பாதையில் சைக்கிள் ஓடப் போகிறார்கள் என்று அறிந்ததும், நானும் வருகிறேன் என்றேன். ஒரு மலையைக் கண்டால் அவளே சைக்கிளைப் போட்டுவிட்டு வருவாள், பேதுருவுக்குக் கெட்ட பெயரும் இல்லை என்பது என் கணக்கு. அவர்களைக் கூட்டிப் போகிற லாஸ் என்ற டெனிஷ்காரன் அனுப்பிய தாளில் பாதையைப் பற்றி "லிட் பக்கெற்" என்று மட்டும் எழுதியிருந்தான். கொஞ்சம் மேடு என்று அர்த்தம். முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் நான் அதை நம்பினேன். ஆஸ்பத்திரியில் "கொஞ்சம் குத்தும்" என்று சொல்லித்தான் இவர்கள் என் பல்லைப் பிடுங்கினவர்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு நான் சில்க்போர்க் பக்கம் இருக்கிற ஹிம்மெல்பியெர்கில் ஏறினேன். பெயரின் அர்த்தம் வானமலை. உயரம் நூற்று நாற்பத்தேழு மீற்றர், மேலே ஐஸ்கிரீம் விற்கிறார்கள். இரண்டு தரம் ஏறினேன், இரண்டாம் தரம் நடந்து. வானத்துக்கே போய்வந்தவனுக்கு மயோர்க்கா எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சாட்சியாகச் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்திருக்க ஏலாது. பில்லுண்ட் விமான நிலையத்தில் எங்கள் சபைத் தம்பி பிரெய்ன் கண்டுவிட்டு, "அண்ணை, அங்கை அந்த உடுப்போடை நிக்கிறது அக்காவோ?" என்று கேட்டான். நான் "இல்லையடாப்பா, ஆரோ வேறை ஆக்கள்" என்றேன். கர்த்தரையே மூன்று தரம் மறுதலித்த பேதுருவின் பெயர் எனக்கு, மறுதலிக்கிறது பெயரோடு வந்த வியாதி. அவளுக்கு அது கேட்டது. தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு போனாள்.

அத்தான், அந்தத் தீவை நான் எப்படிச் சொல்வது. கீழே சோயெர் என்றொரு ஊர், வழி நெடுக தோடை மரமும் எலுமிச்சை மரமும், கையெட்டுகிற உயரத்தில் பழம். நிமிர்ந்து பார்த்தால் மலை. எங்கட நாட்டில் இருக்கும்போது மலைநாட்டுக்கு நான் போனதில்லை, இங்கே வந்தபிறகு யூலாண்டின் தட்டை வயலைத்தான் பார்த்தேன். அறுபத்தொரு வயதில் முதல்முதல் ஒரு மலைக்குக் கீழே நிற்கிறன். பாறை வெள்ளையும் சாம்பலுமா நேரே எழும்பிப் போகுது, அதிலை ரோட்டு ஒண்டு நூல் மாதிரிச் சுத்திச் சுத்தி ஏறுது, அந்த நூலிலை எறும்பு மாதிரி சைக்கிள்காரர். எனக்கு வாயிலை ஜெபம்தான் வந்தது. "லாஸ், இதுவோ கொஞ்சம் மேடு?" எண்டு கேட்டன். அவன் யோசிச்சுப்போட்டு, "ஓகே, மேடு" எண்டான். "கொஞ்சம்" எண்ட சொல்லை மட்டும் எடுத்துப்போட்டான்.

பதினாலு கிலோமீற்றர் ஏத்தம். நான் மூண்டாவது கிலோமீற்றரிலை இறங்கி, ஒரு ஒலிவ் மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். தண்ணியும் வாழைப்பழமும் ஏத்திக்கொண்டு பின்னாலை வந்த வான் வண்டியிலை என்னையும் ஏத்தினவங்கள். சாரதி ஒரு ஸ்பானியக் கிழவர், அவருக்கு டெனிஷ் தெரியாது, எனக்கு ஸ்பானியம் தெரியாது, ஆளுக்கொரு வாழைப்பழம் திண்டம். அப்பிடிப் போகேக்கைதான் முன்னுக்குக் கண்டன். மற்றப் பொம்பிளையளைப் பின்னாலை விட்டுட்டு, தனிய, உங்கடை தங்கச்சி. எழும்பி நிண்டு மிதிக்கேல்லை, அவசரமும் இல்லை. வேலைக்குப் போற அதே மிதி. வளைவிலை வளைஞ்சு மறைஞ்சு, அடுத்த வளைவிலை இன்னும் உயரத்திலை தெரியிறாள். கிழவர் கையைக் காட்டி என்னவோ கேட்டார். "அது என்ரை மனுசி" எண்டு தமிழிலை சொன்னன். விளங்கினது போலை ஹோர்ன் அடிச்சார்.

உச்சியிலை ஒரு குகைப்பாதை, அதுக்கு அங்காலை நீலமா ஒரு நீர்த்தேக்கம். அவள் மதிலிலை இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தாள், மூச்சுக்கூட வாங்கேல்லை. ஒரு ஜேர்மன்காரன் வந்து அவளைக் காட்டி ஆர் எண்டு கேட்டான். அவனுக்கும் சொன்னன். மூண்டாவதாச் சொல்ல ஒருத்தரும் இல்லை, கழுத்திலை மணி கட்டின ஒரு செம்மறி ரோட்டிலை நிண்டது, அதுக்குச் சொன்னன். மூண்டு தரம் சொன்னால்தான் கணக்குச் சரி.

"மார்கிரட், இதுக்கு எங்கையப்பா பழகினனீ?" எண்டு கேட்டன். "இருபத்தெட்டு வருசமா காலமை ஆறு மணிக்கு வேலைக்குப் போறன். ஒன்பது கிலோமீற்றர், மேற்குக் காத்துக்கு எதிரா. நீங்கள் கார் எடுத்துக்கொண்டு போனீங்கள். காத்துக்கு இறக்கமில்லை, மலைக்கு மற்றப் பக்கம் இறக்கம் இருக்கு" எண்டாள். அத்தான், இருபத்தெட்டு வருசமா அந்தக் காரிலை இருந்தவன் நான். எனக்கு வெட்கமாயும் இருந்தது, பெருமையாயும் இருந்தது. பிறகு அவள் போனை எடுத்து அந்த நீர்த்தேக்கத்தைப் படம் பிடிச்சாள். "அண்ணாவுக்கு அனுப்பட்டோ?" எண்டு கேட்டாள். நான் பதில் சொல்ல முந்தி, "வேண்டாம், அவருக்குப் பிடியாது" எண்டு போனைச் சட்டைப்பையிலை வைச்சாள். பதினாலு கிலோமீற்றரிலை களைக்காத முகம் அப்பதான் களைச்சது.

நிற்க. தாங்கள் சொன்னபடியே எல்லாம் முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, கொட்டிலில் வைத்துப் பூட்டியாயிற்று. திறப்பு என் சட்டைப்பையில். மார்கிரட் இனிச் சைக்கிள் ஓட மாட்டாள் என்று இக்கடிதத்தின் மூலம் உறுதி கூறுகிறேன். ஆகையால் தாங்கள் மனமிரங்கி, வருகிற ஞாயிறு பின்னேரம் அவளுக்கு ஒரு போன் எடுக்கவும். கோப்பைகளுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அக்காவுக்கும் சபையாருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
பேதுரு

பி.கு.: கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனால் அங்கே சிவப்புத் தபால்பெட்டி இல்லை. அதைக் கழற்றிக்கொண்டு போய் எத்தனையோ நாளாம், இந்த நாட்டில் கடிதம் போடுகிற கடைசி ஆட்கள் நீங்களும் நானும்தான் போல. திரும்பி வந்து முழிச்சுக்கொண்டு நிண்டன். "அண்ணாவுக்கோ? தாங்கோ, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்" எண்டாள் மார்கிரட். கொட்டில் திறப்பு ரெண்டு எண்டது எனக்கு இப்பதான் தெரியும். ஹேர்னிங்கிலை இருந்து உங்கடை வாசலுக்குத் தொண்ணூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, வழியிலை வைல எண்ட ஊரிலை மட்டும் கொஞ்சம் மேடாம். ஒட்டின கடிதத்தை உடைச்சு இதை எழுதிறன், அவள் வெளியிலை ரயருக்குக் காத்தடிக்கிறாள். இதிலை என்ன இருக்கெண்டு அவளுக்குத் தெரியாது. நீங்கள் இதை வாசிக்கிறீங்கள் எண்டால், கதவைத் திறந்து அவளின்ரை கையாலை வாங்கினாப்பிறகுதான். அந்த உடுப்போடைதான் நிப்பாள். எழுதினதிலை உறுதியை விட்டுட்டு மிச்சத்தை நம்புங்கோ. அவளுக்கு முதலிலை தண்ணி குடுங்கோ அத்தான், நான் வாழைப்பழத்தோடை காரிலை பின்னாலை வாறன்.